கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியும் நமது தவக்குலும்

"அல்லாஹ் இருக்கிறான், அவன் பார்த்துக் கொள்வான்!"

நம் சமுதாயத்தில் இந்த வார்த்தையைச் சொல்லாத நாவு இல்லை. கடையைப் பூட்டிச் சாவியைப் பையில் போடும் வியாபாரி சொல்கிறார். மகனை வெளிநாட்டுக்கு வழியனுப்பும் தாய் சொல்கிறாள். அடைமழை பிடித்துக் கொண்ட இரவில் ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்க்கும் ஏழையும் சொல்கிறான்.

சத்தியமான வார்த்தைதான். பாதுகாப்பவன் அவன் ஒருவனே என்பதில் முஃமினுக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் இதை நாம் எப்போது சொல்கிறோம்? நம்மால் ஆனதையெல்லாம் செய்து முடித்த பிறகு சொல்கிறோமா? அல்லது செய்ய வேண்டியதைத் தட்டிக் கழிக்கச் சொல்கிறோமா?

திருவண்ணாமலையில் வாழும் நாம் இந்தக் கேள்வியை ஒத்திப்போட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்து நிற்கும்.

மலையடிவாரத்தில் நடந்தது என்ன?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரை கடந்த பிறகும் அது ஓயவில்லை. உள் மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது.

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மாலை. திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகருக்கு மேலே மண் சரிந்தது, பாறை உருண்டது. ஒரு வீடு மண்ணுக்குள் புதைந்தது. அதற்குள் இருந்த ஏழு பேர் உயிரோடு மீளவில்லை. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் போராடி, டிசம்பர் 3ஆம் தேதிதான் கடைசி உடலையும் வெளியே எடுத்தார்கள்.

இதற்கிடையே டிசம்பர் 2 அதிகாலையில், இதே மாவட்டத்திலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்து விடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. மக்களுக்கு முன்னறிவிப்பு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்று சட்டமன்றம் வரை சர்ச்சை நடந்தது.

இறந்தவர்கள் எந்த மதத்தவர் என்று பார்ப்பவன் மனிதனே அல்ல. அவர்கள் நம் ஊர்க்காரர்கள். நம் கடையில் பொருள் வாங்கியவர்களாக இருக்கலாம். நம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களாக இருக்கலாம்.

இரண்டு தவறான பதில்கள்

இப்படி ஒரு துயரம் நடந்தால் டீக்கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் இரண்டு பதில்கள் கேட்கும்.

ஒன்று: "இது அல்லாஹ்வின் தண்டனை!" யாருக்குத் தண்டனை? பால்மணம் மாறாத பிள்ளைகளுக்கா? இடிபாட்டில் சிக்கி இறந்த முஃமினை ஷஹீதுகளின் வரிசையில் வைத்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. விபத்தில் மாண்டவர்களைச் சபிக்கும் வேலையை அது நமக்குத் தரவில்லை. அல்லாஹ்வின் தீர்ப்பை அறிவிக்கும் அதிகாரத்தை இவர்களுக்குக் கொடுத்தது யார்?

இரண்டு: "விதி! யார் என்ன செய்ய முடியும்?" கேட்பதற்கு இது ஈமான் போலவே இருக்கும். ஆனால் இந்தப் பதிலால் நிம்மதி அடைபவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தடுப்புச் சுவர் கட்டாதவர் நிம்மதி அடைவார். ஓடையை ஆக்கிரமித்தவர் நிம்மதி அடைவார். எச்சரிக்கை செய்ய மறந்தவர் நிம்மதி அடைவார். தன் குற்றத்தை விதியின் மீது சுமத்தி விட்டுத் தூங்கப் போவதற்கு ஈமான் என்றா பெயர்?

அல்லாஹ்வின் தூதர் காட்டிய தவக்குல்

ஒட்டகத்தைக் கட்டிப் போட்டு விட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்ன ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதைவிடக் கடுமையான இன்னொரு ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அது நம் காதில் விழுவது குறைவு.

கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் ஒருவர் இரவில் படுத்துத் தூங்கினால், அவரைப் பாதுகாக்கும் பொறுப்பு நீங்கி விடுகிறது என்பது அந்த ஹதீஸின் கருத்து.

சகோதரர்களே, நிதானமாகச் சிந்தியுங்கள். ஒரு மாடியின் விளிம்பில் முழங்கால் உயரச் சுவர் இருக்கிறதா இல்லையா என்ற சின்ன விஷயம் இது. ஆனால் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அதைப் பாதுகாப்பு என்ற பெரிய விஷயத்தோடு இணைத்துச் சொன்னார்கள். படுத்தவர் தொழுகையாளியா, கொடையாளியா என்று கேட்கவில்லை. சுவர் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

நெருப்பைப் பற்றியும் அப்படித்தான். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்கள் உள்ளே இருக்கும்போதே எரிந்து போனது. நபி (ஸல்) அவர்களிடம் அதைச் சொன்னபோது, நெருப்பு உங்கள் எதிரி, தூங்கப் போகும்போது அதை அணைத்து விடுங்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். திரியை எலி இழுத்துப் போய் வீட்டைக் கொளுத்தி விடும் என்பது வரை சொல்லித் தந்தார்கள். இவை புகாரியில் பதிவானவை.

மழையைப் பற்றியும் சொல்லித் தந்தார்கள். குளிரும் காற்றும் மழையும் கடுமையான இரவில், இருக்கும் இடத்திலேயே தொழுது கொள்ளுங்கள் என்று முஅத்தினை அறிவிக்கச் சொன்னார்கள். ஜமாஅத் தொழுகையின் சிறப்பை அவர்களைவிட அறிந்தவர் யார்? அவர்களே மக்களின் உயிருக்காகவும் சிரமத்துக்காகவும் பாங்கோடு அந்த அறிவிப்பைச் சேர்த்தார்கள் என்றால், உயிரைக் காப்பது மார்க்கத்தின் ஓரத்தில் இருக்கும் விஷயமா? அது மார்க்கத்தின் உள்ளே இருக்கிறது!

உஹுதை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. படைக்குத் தலைமை தாங்கியவர் அல்லாஹ்வின் தூதர். அப்படியிருந்தும் பின்புறத்தைக் காக்க ஒரு சிறு குன்றின் மேல் 50 வில் வீரர்களை நிறுத்தினார்கள். அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். வெற்றி வந்து விட்டது என்று எண்ணிப் பெரும்பாலோர் இறங்கி விட்டார்கள். விளைவு? சுமார் 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களின் முகத்திலேயே காயம் பட்டது.

காவலை விட்டு இறங்கினால் என்ன ஆகும் என்ற நியதி, அல்லாஹ்வின் தூதர் நின்ற களத்தில்கூட மாறவில்லை. நம் கடைக்காகவும் நம் தெருவுக்காகவும் மட்டும் அது மாறி விடுமா?

புனித பூமியிலும் இதே பாடம்

அல்லாஹ்வின் விருந்தாளிகள் என்று நாம் அழைக்கும் ஹாஜிகளைப் பாருங்கள். 1997 ஏப்ரலில் மினாவில் கூடாரங்கள் தீப்பற்றி 343 பேர் இறந்தார்கள். "அல்லாஹ்வின் பூமி, அவன் பார்த்துக் கொள்வான்" என்று சொல்லி அங்கே பழைய துணிக் கூடாரங்களையே மறுபடியும் அடிக்கவில்லை. அதன் பிறகு தீப்பிடிக்காத கூடாரங்கள் வந்தன.

2024 ஹஜ்ஜில் கடும் வெயிலில் 1,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் போனவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இல்லாததால் குளிரூட்டிய கூடாரமும் வாகனமும் கிடைக்காமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஈமானில் நாம் குறை காணவில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக! ஆனால் அடுத்து ஹஜ்ஜுக்குப் போகும் நம் சகோதரரிடம், அனுமதியில்லாமல் அழைத்துப் போகிறேன் என்று ஆசை காட்டும் ஏஜெண்டை நம்பாதீர்கள் என்று சொல்லும் கடமை நமக்கு இருக்கிறதா இல்லையா?

நம் தமிழ் மண்ணுக்கு வாருங்கள். 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. அங்கிருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பல மதத்துக் குடும்பங்கள், இங்கே விட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையில் கொண்டு வந்து விட்ட உறவுகள் அவர்கள்.

ஒட்டகத்தைக் கட்டச் சொன்னார்கள் நபிகளார். நாமோ மனிதர்களைக் கட்டிப் போட்டு விட்டு, நெருப்பை அவிழ்த்து விட்டிருந்தோம்! மருத்துவம் பார்க்க வேண்டிய இடத்தில் மருத்துவம் இல்லை. கதவைத் திறக்க வேண்டிய இடத்தில் சங்கிலி. இதற்கும் நம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். நெஞ்சு பதறவில்லையா?

கடையில் தொங்கும் தகடு

வியாபாரப் பெருமக்களே! உங்களிடம் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும்.

கடை வாசலில் தகடு தொங்குகிறது. கல்லாப் பெட்டிக்குள் தாயத்து இருக்கிறது. அதற்கு நேர் மேலே பழைய வயரில் ஒட்டுப் போட்ட சுவிட்ச் பெட்டி. பின்பக்கம் அட்டைப் பெட்டிகளை அடுக்கி அடைத்த வழி. தீப்பிடித்தால் வேலைக்கார இளைஞர் எந்தப் பக்கம் ஓடுவார்?

தகடு காக்கும் என்று நம்பினால் ஈமான் போகிறது. வயரைக் கவனிக்கா விட்டால் கடையும் ஆளும் போகிறார்கள். ஒருவருக்கு இம்மையிலும் நஷ்டம், மறுமையிலும் நஷ்டம். இதைவிட மோசமான வியாபாரம் உண்டா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தாயத்தை நம்பாது, ஆனால் ஆளை நம்பும். "எனக்கு அந்த அதிகாரியைத் தெரியும், இந்தக் கட்சிக்காரரைத் தெரியும்" என்று சொல்லும். ஆட்சி மாறும், அதிகாரிக்கு மாறுதல் வரும். அன்றைக்கு யாரைத் தேடுவது? தகட்டை நம்புகிறவரும் தொடர்பை நம்புகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமல், படைப்பினத்தில் ஏதோ ஒன்றைப் பிடித்துக் கொண்டு தூங்குகிறார்கள்.

அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும் வியாபாரி எப்படி இருப்பார்? எலக்ட்ரீசியனை அழைத்து வயரை மாற்றுவார். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று வாங்கி மாட்டுவார். வெளியேறும் வழியைச் சும்மா வைத்திருப்பார். உரிமம், வாடகை ஒப்பந்தம், கணக்குப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைப்பார். அதன் பிறகு பிஸ்மி சொல்லிப் பூட்டி விட்டு, அல்லாஹ் இருக்கிறான் என்று சொல்லி நிம்மதியாகத் தூங்குவார். அந்தத் தூக்கம்தான் தவக்குல் தரும் தூக்கம்.

சுவர் கட்ட முடியாதவன் என்ன செய்வான்?

இனிதான் முக்கியமான கேள்விக்கு வருகிறோம்.

மாடிக்குச் சுவர் கட்டச் சொல்லி விட்டோம். சுவர் கட்டக் காசில்லாதவன் என்ன செய்வான்? மலைச் சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்கள் ஆசைப்பட்டா அங்கே போனார்கள்? ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசை போட்டிருப்பவர்கள் தவக்குலைத் தவறாகப் புரிந்து கொண்டவர்களா? இல்லை. ஊருக்குள் மனை வாங்கவும் வாடகை கொடுக்கவும் வழியில்லாதவர்கள். கிரிவலம் வரும் கூட்டம் பெருகப் பெருக இந்த ஊரில் மனை விலை எங்கே போய் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அவர்களிடம் போய் "ஏன் அங்கே படுத்தாய்?" என்று கேட்பது அநியாயம். அந்தச் சுவரைக் கட்ட வேண்டிய பொறுப்பு யார் கையில் வசதியும் அதிகாரமும் இருக்கிறதோ அவர்களிடம் போய்ச் சேருகிறது. இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையை ஏன் சீர் செய்யவில்லை என்று தன்னிடம் கேட்கப்படுமே என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாற்றில் படிக்கிறோம். மதீனாவில் இருந்த ஆட்சியாளருக்கு இராக்கின் பாதை பற்றிய பயம்! நம் ஆட்சியாளர்களுக்கு மலையடிவாரத்துக் குழந்தைகள் பற்றிய பயம் இருக்க வேண்டாமா?

2024 டிசம்பர் விபத்துக்குப் பிறகு சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து மண்ணைப் பார்வையிட்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் இறந்த பிறகு கொடுக்கும் 5 இலட்சத்தைவிட, இறப்பதற்கு முன் கட்டும் தடுப்புச் சுவர் மேலானது அல்லவா? சரிவில் குடியிருப்போருக்கு ஊருக்குள்ளேயே, பிழைப்புக்கு அருகிலேயே மாற்று இடம் வேண்டும். எங்கோ காட்டில் வீடு கட்டித் தந்து விரட்டுவதை ஏற்க முடியாது. மழை நீர் இறங்கும் பழைய ஓடைகள் தூர் வாரப்பட வேண்டும். இதற்காக மனுக் கொடுப்பதும், வார்டு கவுன்சிலரைக் கேள்வி கேட்பதும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவதும் ஒட்டகத்தைக் கட்டும் வேலைதான்.

அந்த ஆண்டு கார்த்திகை தீபம் டிசம்பர் 13 அன்று வந்தது. மலை இன்னும் ஈரமாக இருந்தது. வழக்கம்போல் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபம் ஏற்றும் பணிக்குத் தேவையானவர்கள் மட்டும் மேலே போனார்கள். எத்தனையோ பேருக்கு அது மன வருத்தம். இருந்தாலும் உயிர் முக்கியம் என்று ஏற்றுக் கொண்டார்கள். நம் அண்டை வீட்டார் காட்டிய அந்தப் பொறுமையை நாம் மதிக்க வேண்டும். நம் பள்ளிவாசல் விஷயங்களிலும் அப்படியொரு நிலை வந்தால் நாமும் அதே பொறுமையைக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு மஹல்லாவும் செய்ய வேண்டியவை

பேசி விட்டுக் கலைந்து போனால் பயனில்லை. பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு ஜமாஅத்தும் உட்கார்ந்து சில முடிவுகளை எடுக்க வேண்டும்.

முதலில், மஹல்லாவிலும் பக்கத்துத் தெருக்களிலும் ஆபத்தான இடத்தில் இருக்கும் வீடுகளைப் பட்டியல் எடுங்கள். முதியவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர் எந்த வீட்டில் என்று குறித்து வையுங்கள். மதம் பார்க்காமல் எடுங்கள்.

இரண்டாவது, மழை எச்சரிக்கை வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐ எல்லோர் வீட்டுச் சுவரிலும் எழுதுங்கள்.

மூன்றாவது, பள்ளிவாசலின் மேல் தளமும் மதரஸாவும் ஒரே இரவில் தங்குமிடமாக மாறத் தயாராக இருக்கட்டும். 2004 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சோறு போட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல, எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்தன. 2024 ஜூலை 30 அன்று வயநாடு நிலச்சரிவு நடந்தபோது அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் எல்லா மதப் பிரார்த்தனையோடும் அடக்கினார்கள். அந்த வரிசையில் நாமும் நிற்க வேண்டாமா?

நான்காவது, பள்ளிவாசல், கபரஸ்தான் பத்திரங்களைப் பத்திரப்படுத்துங்கள். வெள்ளம் புகுந்தால் முதலில் அழிவது காகிதம். வக்ஃப் சொத்துகளை உமீத் தளத்தில் பதிவு செய்ய 2025 ஜூனில் தளம் திறந்து ஆறு மாதக் கெடு வைத்தபோது, மூல ஆவணத்தைத் தேடி அலைந்த முத்தவல்லிகள் எத்தனை பேர்! துஆச் செய்யுங்கள், ஆவணத்தையும் தேடி வையுங்கள்.

இளைஞனே! உனக்கு ஒரு வார்த்தை. ஆபத்து வரும்போது முதலில் ஓடி வருபவன் நீதான். கொரோனாக் காலத்தில் பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களை எடுத்து அடக்கம் செய்த கைகள் உன்னுடையவை. பாதுகாப்பு உடையும் கையுறையும் அணிந்து கொண்டுதான் அதைச் செய்தாய். உன் தவக்குல் அதனால் குறைந்ததா? கூடியது! அதே போல் முதலுதவியும் நீச்சலும் கயிறு கட்டும் முறையும் கற்றுக் கொள். வதந்தியைக் கைப்பேசியில் தள்ளி விடாதே. மழைக் காலத்தில் ஒரு பொய்ச் செய்தி அணை உடைவதைவிட வேகமாக ஓடும்.

பறவை காலையில் காலி வயிற்றோடு பறந்து போய், மாலையில் வயிறு நிரம்பித் திரும்புகிறது என்று தவக்குலுக்கு நபி (ஸல்) அவர்கள் உதாரணம் சொன்னார்கள். அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்து கொண்டு அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்று இருக்கவில்லை. காலையில் எழுந்து சிறகை விரித்தது.

எத்தனை உறுதியாகக் கட்டினாலும் சுவர் இடியலாம். எத்தனை கவனமாக இருந்தாலும் மரணம் வரலாம். அப்போது முஃமின் நிலைகுலைய மாட்டான். தன் கடமையைச் செய்த மன அமைதியோடு தன் இறைவனின் முடிவை ஏற்றுக் கொள்வான். அந்த அமைதி, சுவரே கட்டாமல் படுத்தவனுக்கு எங்கிருந்து வரும்?

யா அல்லாஹ்! எங்கள் ஊரையும், இந்த மலையடிவாரத்தில் வாழும் எல்லா மக்களையும் உன் பாதுகாப்பில் வைப்பாயாக! எங்கள் மீது நீ சுமத்திய கடமையைச் செய்து விட்டு உன்னிடம் கையேந்தும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.